கிழியும் கிழிவும்

தமிழிலே 'படம்' என்னுஞ் சொல்லுக்குச் சீலை என்பதே பழைய பொருள். சீலையின்மீது எழுதிய சித்திரம் அப்பெயரைப் பெற்றது. பின்னர்ச் சுவரிலும் பலகையிலும் தாளிலும் எழுதியவற்றுக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. 'கிழி' என்பதும் அத்தகையதொரு சொல். சித்திரமெழுதிய சீலைக்குக் கிழி என்று பெயர். மடலேறத் துணிந்த தலைமகன் தலைவியின் உருவைக் கிழியிலெழுதிக் கையிலேந்தி ஊர்நடுவே வருவான் என்பது அகப்பொருள் கற்றார் யாவரும் அறிந்த செய்தி. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்குக்கு மூவகை எழினிகளும் ஓவியமெழுதிய விதானமும் கூறப்பட்டுள்ளன. காரைதீவிலே 1892இல் தோன்றிய நம் விபுலானந்த அடிகளார், அக்காதையின் இசைப்பகுதியை ஆராயப் புகுந்தே 1947இல் வெளிவந்த யாழ்நூலைத் தமிழுலகுக்கு வழங்கினார். ஆகவே, சீலையும் சித்திரமும் கொண்ட உறவு நமக்குப் புதியதன்று.

ஆயினும், கிழி என்னும் அச்சொல்லே வினையாக நிற்கும்போது அச்சீலைக்கு நேரக்கூடிய கேட்டையுங் குறிக்கின்றது. எழுதப்பட்ட கிழி ஒருநாள் கிழியும். கிழிந்தபின் யாது செய்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள். வீட்டிலே பழைய துணிச்சித்திரம் ஒன்றை வைத்திருப்போர், கிழிந்ததென்று அதனை வீசிவிடலாகாது. புதுக்குகிறோம் என்று அதனை அழித்துவிடவும் ஆகாது. கிழிவைத் தாங்கிப் பிடித்தலே நம் கடமை; இழந்ததை நம் கையால் எழுதி நிரப்புதல் நம் கடமையன்று. இதுவே என் துணிபு.

நம் நாட்டிலே துணிச்சித்திரத்துக்குள்ள பெருமையை அறிய நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. கதிர்காமத்துக் கருவறையை அடியார் காண்பதில்லை. அவர்கள் காண்பது திரையையே. வள்ளி தெய்வயானை சமேதராய் மயில்மீது எழுந்தருளிய முருகனின் உருவம் எழுதப்பெற்ற அத்திரையே கண்ணுக்குக் கடவுளாகின்றது. சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் மண்டூரிலும் அம்மரபே நிலவுகின்றது. குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடந்து அக்கரை சேர்ந்து, வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு கப்புகனார் செய்யும் பூசையைத் திரைக்கு இப்பால் நின்று வணங்கி வந்தவர் நம்முட் பலர். பிறநாட்டார்க்குச் சீலை என்பது சித்திரத்தைத் தாங்கும் பொருள் மட்டுமே. நமக்கோ அது சந்நிதியின் வாயில்.

கோயிற்றிரைகள் மட்டுமல்ல, எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பழைய வீடுகள் சிலவற்றில் சுவாமியறையிலோ பெட்டகத்திலோ துணிச்சித்திரங்கள் இன்றும் உள்ளன. சில, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சாயச்சீலைகள். சில, திரைச்சீலை எழுதுவோர் கைவண்ணங்கள். வேறு சில, பாட்டனார் காலத்தில் நெய்வண்ணத்தால் எழுதுவித்த குடும்ப உருவப்படங்கள். இவற்றுக்கு நேர்ந்த இடையூறுகள் எத்தனை! 1978ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்துச் சூறாவளி கூரைகளைப் பெயர்த்தெறிந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குட் புகுந்தது. இடையிலே நீண்ட போர்க்காலம். மக்கள் ஒரு மூட்டையோடு ஊர்விட்டு ஊர் ஓடிய காலம். அந்த மூட்டைகளிலே நகைக்கும் உறுதிக்கும் அடுத்தபடியாக மடித்து வைக்கப்பட்ட சுவாமிச் சீலைகளும் சென்றதுண்டு. மடித்த மடிப்பே பின்னர்க் கிழிவாயிற்று. எனவே, இன்று நம்மிடம் எஞ்சியுள்ள ஒவ்வொரு கிழிந்த சீலையும் ஒரு குடும்பம் எதனைக் காப்பாற்ற விரும்பியது என்பதற்குச் சான்றாகும்.

இத்தகைய சீலைகள் இப்பொழுது அழிவது காற்றாலும் கடலாலும் அன்று, அன்பாலே அழிகின்றன. சில ஆண்டுகளுக்கு முன்னர் படுவான்கரையிலே ஒரு வீட்டில் அத்தகைய சீலையொன்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சூறாவளியன்று உத்திரம் வீழ்ந்து குறுக்கே கிழிந்த சீலை அது. முதலில் யாரோ ஒருவர் ஒட்டுநாடாவைப் பின்புறத்தே ஒட்டினார். அது சில ஆண்டுகளிற் காய்ந்து பழுப்பேறி விழுந்தது. பசை மட்டும் துணியிலே தங்கி எண்ணெய்க் கறைபோல முன்புறமும் தெரிந்தது. அக்கறையை மறைக்கும்பொருட்டு, பெயர்ப்பலகை எழுதும் ஒருவரிடம் சீலை ஒப்படைக்கப்பட்டது. அவரும் நல்லெண்ணத்தோடு, கதவுக்கும் சன்னலுக்கும் பூசுகின்ற மினுக்கு வண்ணத்தால் மயிலுக்கு நீலமும் முருகனுக்குப் புதுமுகமும் எழுதித் தந்தார். நான் கண்டபோது வேல்பிடித்த ஒரு கை மட்டுமே பழைய ஓவியனின் கையாக எஞ்சியிருந்தது. அவ்வீட்டு மூதாட்டி சொன்னார்: "வடிவாத்தான் கீறித் தந்தவர் தம்பி. ஆனா, எங்கட பெத்தா கும்பிட்ட முகம் இது இல்லையே." இதற்கு மேல் நான் கூற என்ன இருக்கின்றது? கிழிந்திருந்த காலத்தும் அம்முகம் அங்கே இருந்தது. திருத்தப்பட்ட பின்னரே அது மறைந்தது.

தமிழாசிரியன் ஒருவன் துணிச்சித்திரம் பற்றிப் பேசப் புகுவதேன் என்று சிலர் வினவலாம். இவ்வினாவுக்கு விடை நம் ஏட்டுச்சுவடிகளின் வரலாற்றிலேயே உள்ளது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும், உத்தமதானபுரம் உ. வே. சாமிநாதையர் அவர்களும் பழந்தமிழ் நூல்களைத் தேடியெடுத்தபோது கையிற் கிடைத்தவை முழு ஏடுகளல்ல. செல்லரித்தவை, முனைமுரிந்தவை, இடையிடையே இதழ் குறைந்தவை. ஐயரவர்கள் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நானூற்றுள் 267, 268 என்னும் எண்ணுக்குரிய பாடல்கள் இரண்டும் கிடைக்கவில்லை. 1904இல் பதிற்றுப்பத்து வெளிவந்தபோதும் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. ஐயரவர்களுக்குச் செய்யுளியற்றும் ஆற்றல் இல்லையா? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் கற்றவருக்கு இரண்டு பாடல்களை எழுதிச் சேர்ப்பது அரிதோ? அவர் அது செய்திலர். சிதைந்த இடத்தைச் சிதைந்த இடமாகவே காட்டினார். ஓரெழுத்துப் போன இடத்தும் புள்ளியிட்டு விட்டார். அப்புள்ளிகளினாலேயே எஞ்சிய எழுத்துக்களை நாம் ஐயமின்றி நம்புகின்றோம். அவர் தம் சொல்லை ஓரிடத்திலே நுழைத்திருந்தால், நூல் முழுவதுமே ஐயத்துக்கு இடமாயிருக்கும்.

துணிச்சித்திரத்துக்கும் இந்நெறியே உரியது. பாடலிலே புள்ளி எதுவோ, சீலையிலே ஒட்டுத்துணியின் வெறுமையும் அதுவே. 'இங்கே ஒன்று இருந்தது. இப்போது இல்லை' என்று அது நேர்மையாகச் சொல்லும். வெறும் இடத்தைப் பொறுத்துக்கொள்ளும் மனமே பழம்பொருள் பேணுவோர்க்கு முதலில் வேண்டிய தகுதி.

இனி, சீலைகள் ஏன் கிழிகின்றன என்பதை அறிதல் வேண்டும். நோயறியாது மருந்து தருதல் கூடாதன்றோ? சாயச்சீலையை எழுதுவோர் முதலிற் பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவர். பின்னர், இரும்பையும் வெல்லத்தையும் சேர்த்துப் புளிக்கவைத்த நீரைத் தொட்டுக் கோடுகளை எழுதுவர். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடியவுடன் கோடு கருநிறம் பெறும். சிவப்பு வேண்டிய இடத்திற் படிக்காரம் தடவிச் சாயவேரிற் கொதிக்க வைப்பர். அச்சாயவேர் ஒல்லாந்தர் காலத்தில் நம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டியெடுக்கப்பட்டுப் புகழ்பெற்ற பொருளாகும். நீலம் அவுரியிலிருந்து பெறப்பட்டது. இம்முறையின் அழகும் குறையும் ஒரே இடத்தில் உள்ளன. கோட்டுக்குக் கருமை தந்த அவ்விரும்பே ஆண்டுகள் செல்லச் செல்லத் துணியின் நூலையும் அரித்துவிடுகின்றது. ஆதலினாலேதான் பழைய சாயச்சீலைகள் பெரும்பாலும் கரிய கோடுகளின் வழியே பிளக்கின்றன. முகத்தின் வெண்மை உறுதியாயிருக்க, புருவத்தின் கருமை உதிர்ந்துபோகும்.

இரண்டாம் வகை, பூச்சுச்சீலை. துணியின்மேற் புளியங்கொட்டைப் பசை முதலியவற்றோடு சுண்ணமோ வெள்ளைமண்ணோ குழைத்துத் தளம் பூசி, அதன்மேல் வண்ணம் எழுதுவர். இதிலே வண்ணம் நூலுக்குள் இறங்குவதில்லை. மேலே படிந்து நிற்கும். துணி மடியும்போது தளம் வெடிக்கும். நீர் பட்டாலோ பசை கரைய வண்ணமும் உடன் கரையும். மூன்றாம் வகை நெய்வண்ண ஓவியம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, மாரியில் ஈரத்தை ஏற்றும் கோடையில் விட்டும் மாறிமாறி அசைய, காய்ந்து இறுகிய வண்ணம் அசைய மாட்டாமல் வெடிக்கும்.

உங்கள் வீட்டுச் சீலை எவ்வகையினது என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. பின்புறத்தைப் பாருங்கள். முன்புறத்து உருவம் அங்கேயும் ஊறித் தெரியுமாயின் அது சாயச்சீலை. பின்புறம் வெறுந்துணியாயும், முன்புறம் மட்டும் தடிப்பாயும் இருப்பின் அது பூச்சுச்சீலை அல்லது நெய்வண்ணம். இவ்வேறுபாட்டை அறியாது கைவைத்தல் கூடாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நம் வாவிக்கரையின் காற்று வேறு. ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி ஒருபுறம், கடல் மறுபுறம். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வீட்டுச்சுவரே வியர்க்கின்றது. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபதை நெருங்கி அங்கேயே நிற்குமாயின் பூஞ்சணம் துணியிலே குடிகொள்ளும். கறையானும் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் பசைமணத்தைத் தேடி வரும். சுவாமியறையிலே விளக்குப்புகையும் கற்பூரக்கரியும் நாள்தோறும் படியும். இவை யாவும் சேர்ந்தே கிழிவுக்கு வழி செய்கின்றன.

இந்நிலையில் வீட்டிலுள்ளோர் செய்யத்தக்கவை எவை? முதலாவது, படியெடுத்து வைத்தல். சீலையைத் தொடுமுன்னரே பகல் வெளிச்சத்தில், அளவுகோலொன்றைப் பக்கத்தே வைத்து, முழுமையாகவும் பகுதி பகுதியாகவும் ஒளிப்படம் எடுத்துக்கொள்க. இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது, அதுவே போதும். சீலை யாரிடமிருந்து வந்தது, எப்போது கிழிந்தது என்பனவற்றையும் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதிவைக்க. பெரியோர் மறைந்தபின் சீலை வாய்திறந்து பேசாது.

இரண்டாவது, படுக்க வைத்தல். சீலையைவிடப் பெரிய சமதளப் பலகையொன்றின்மீது, பலமுறை தோய்த்துக் கஞ்சி நீக்கிய வெள்ளைப் பருத்தித்துணியை விரித்து, சித்திரம் மேல்நோக்கியிருக்கச் சீலையை அதன்மேல் இடுக. நெடுநாள் சுருட்டிக் கிடந்த சீலையை ஒரே நாளில் விரித்து நிமிர்த்த முயலாதீர்கள். சிறிது சிறிதாக, சில நாட்களில் அது தானே தளரும். வண்ணம் தூளாய் உதிருமாயின் அத்துடன் நிறுத்திவிடுக. அத்தகைய சீலையைத் துடைப்பதும் புரட்டுவதும் ஆகா. பலகையோடே மூடிவைத்து, அறிந்தவர் வரும்வரை காத்திருத்தலே அதற்கு வைத்தியம்.

மூன்றாவது, கிழிவை ஒழுங்குசெய்தல். மென்மயிர்த் தூரிகையால் தூசியை அகற்றியபின், கிழிவின் இருகரையிலும் பிரிந்து கிடக்கும் நூல்களைச் சாவணத்தால் மெல்ல எடுத்து அவ்வவற்றின் திசையிலே படுக்க வைக்க. கரைகளை இழுத்துப் பொருத்தலாகாது. சுருங்கிய துணி இழுத்த இழுப்புக்கு வேறிடத்திற் பிளக்கும். உதிர்ந்த துணுக்குகளை ஒரு தாளுறையிலிட்டு, எவ்விடத்தவை என எழுதிவைக்க. ஒரு நூலேனும் குப்பைக்குச் செல்லுதல் கூடாது.

நான்காவது, தாங்குதல். உறுதியான சாயச்சீலையாயின், தோய்த்த பருத்தித்துணியைப் பின்னே வைத்து, மெல்லிய ஊசியும் மெல்லிய நூலும் கொண்டு, கிழிவுக்குக் குறுக்கே நூலைப் படுக்கவைத்து இடையிடையே பிடித்துத் தைக்கலாம். ஊசி இழைகளின் இடைவெளியிலே புகவேண்டும். இழையைத் துளைத்தல் கூடாது. அரித்துப்போன கருங்கோட்டிலே ஊசி படவே கூடாது. அதன் இருபக்கத்து உறுதியான இடத்தையே தையல் பற்றவேண்டும். பூச்சுச்சீலைக்குத் தையல் ஆகாது. வண்ணம் உறுதியாயிருப்பின், முசுக்கொட்டை இனத்து மரப்பட்டை நாரிலே செய்யப்படும் மெல்லிய யப்பானியத் தாளைச் சிறுகீற்றுக்களாகக் கிழித்து, கோதுமை மாப்பொருளைக் காய்ச்சிய கெட்டிப்பசையை மிகக் குறைவாகத் தொட்டு, பின்புறத்திலே கிழிவுக்குக் குறுக்கே பாலம்போல் ஒட்டுவது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. அதனையும் மூலையிலே சிறிதாகச் சோதித்த பின்னரே செய்யவேண்டும். நெய்வண்ண ஓவியத்தின் பின்னே துணித்துண்டு ஒட்டுவது பழைய வழக்கம். ஆனால் அத்துண்டின் விளிம்பு சில ஆண்டுகளில் முன்புறத்தே தழும்பாகத் தெரியும். ஆகவே நெய்வண்ண ஓவியத்தை வீட்டிலே திருத்த முற்படாமை நன்று. சட்டத்தோடு படுக்கவைத்து வல்லுநரை நாடுக.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான விதி ஒன்றே. நாம் செய்வது எதுவாயினும், நாளை நம்மிற் சிறந்தவர் ஒருவர் வந்து அதனைச் சேதமின்றி நீக்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும். தையலைப் பிரிக்கலாம், மாப்பொருட் பசையைச் சிறிது ஈரத்தால் நெகிழ்த்தலாம். தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப்பசையை நீக்கல் இயலாது. ஒட்டுநாடாவின் பசை துணிக்குள் ஊறியபின் அதனை முற்றாக எடுத்தலும் இயலாது. மினுக்கு வண்ணத்தைப் பற்றிக் கூறவேண்டுவதே இல்லை.

தவிர்க்க வேண்டியனவற்றையும் சுருக்கமாகக் கூறுவேன். சீலையைத் தோய்க்காதீர்கள். வெயிலிற் காயவிடாதீர்கள், அவுரியும் சாயவேரும் பல தலைமுறை காத்த நிறத்தை வெயில் தின்றுவிடும். மடிப்பை நீக்க ஸ்திரிக்கைப் பெட்டியைத் தேடாதீர்கள். கண்ணாடித்தாள் பூசி இறுக்கிவிடும் கடைகளுக்குக் கொடுக்காதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் பூஞ்சணமாகும். ஏட்டுக்கு எண்ணெய் பூசுவது நன்மையாயிற்றே என எண்ணிச் சீலைக்கும் எண்ணெய் பூசுவோர் உளர். பனையோலைக்கு எண்ணெய் நெகிழ்ச்சி தரும்; துணிக்கோ மஞ்சட்கறையும் தூசியுமே தரும். ஓலைக்கு மருந்தானது துணிக்கு நஞ்சாகலாம்.

பேணும் முறையும் கடினமானதன்று. மாட்டுவதாயின் வெயிலும் விளக்குப்புகையும் படாத உட்சுவரில், சுவரோடு ஒட்டாமல் மாட்டுக. நான்கு மூலைகளிலும் ஆணி அறைதல் வேண்டா. பின்னே தைத்த தாங்குதுணியின் மேல்விளிம்பிற் குழல்போல் ஒரு மடிப்பு அமைத்து, அதனுள்ளே கோலைச் செருகினால் பாரம் எங்கும் ஒப்பப் பரவும். எடுத்து வைப்பதாயின் மடிக்காமல், அகன்ற உருளையொன்றிலே சித்திரம் வெளிப்புறமாக இருக்கச் சுருட்டி, வெள்ளைத்துணியாற் சுற்றி, நிலத்திற்படாது உயர்த்தி வைக்க. பொலித்தீன் உறை வேண்டா. வேப்பிலையோ வசம்போ வைக்க விரும்புவோர் அவை சீலையைத் தொடாவண்ணம் வைப்பாராக. ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன்னும் பின்னும், நிழலிலே விரித்துப் பார்ப்பது போதுமானது.

இவ்வளவு கூறியும் சிலர் உடன்படார் என்பதை அறிவேன். 'பின்னமுற்ற உருவை வழிபடலாகாதே; திரை கிழிந்தால் புதுத்திரை இடுவதே முறை' என்பர். அவர் கூற்றிலே நியாயமுண்டு. கோயில் உயிருள்ள இடம், அது நூதனசாலையன்று. புதுத்திரை சாத்துவதும் நேர்த்தி செலுத்துவதும் அடியாரின் உரிமை. அதனை யான் மறுக்கவில்லை. ஆனால் புதியது வந்ததும் பழையதை நீரிலே விடுவதும் நெருப்பிலே இடுவதும் எதற்கு? வழிபாட்டிலிருந்து ஓய்வு பெற்ற திரை, பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியரைப் போன்றது. வகுப்பிலே அவர் நிற்கமாட்டார். ஆனால் கேட்டால் சொல்வதற்கு அவரிடம் நிறைய உண்டு. எந்தச் சாயம், எந்த நெசவு, எந்தக் கைக்கோடு, கிரீடம் எவ்வாறு, மயில் எத்திசை நோக்கியது என்பன புதுத்திரை எழுதுவோர்க்கே நாளை வேண்டிய செய்திகளன்றோ?

'வெறும் இடமாய் விட்டால் அழகில்லையே. நல்ல ஓவியரைக் கொண்டு எழுதுவித்தாலென்ன?' என்பர் வேறு சிலர். ஸ்பெயின் நாட்டிலே பொர்ஹா என்னும் ஊர்க் கோயிற்சுவரில் எலியாஸ் கார்சியா மார்ட்டினெஸ் என்பவர் எழுதிய கிறித்துநாதரின் திருமுகம் உதிர்ந்துகொண்டிருந்தது. அவ்வூர் மூதாட்டி ஒருவர் பக்தியோடும் நல்லெண்ணத்தோடும் அதன்மேல் வண்ணம் தீட்டப் புகுந்தார். 2012இல் அச்செய்தி உலகெங்கும் பரவியது. திருமுகம் அடையாளங் காணமுடியாதபடி மாறிப்போயிருந்தது. உலகம் நகைத்தது. எனக்கு நகைப்பு வரவில்லை. நம் ஊரிலே பெயர்தெரியாது நடப்பது அங்கே பெயர்பெற்று நடந்தது, அவ்வளவே வேறுபாடு.

'அப்படியாயின் வல்லுநர் எங்கே? நம்மூரில் யார் உளர்?' என்பது மூன்றாவது கேள்வி. இதற்கு நம் நாட்டு வரலாறே விடை தருகின்றது. 1967ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் சீகிரியாக் குகையிலேறிய சிலர், ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமைவாய்ந்த ஓவியங்கள்மேற் பச்சை வண்ணத்தை அப்பிவிட்டனர். நாடே துடித்தது. அன்று ஊரிலுள்ள ஓவியர் எவரும் தூரிகை தூக்கி ஓடவில்லை. தொல்பொருட்டிணைக்களத்தார் காத்திருந்து, இத்தாலியரான லூசியானோ மராண்சி என்னும் வல்லுநரை வரவழைத்தனர். திணைக்களத்து வேதியியல் அறிஞர் ராஜா டி சில்வாவும் உடன்நிற்க, அப்பிய வண்ணத்தை அகற்றி ஓவியங்களை மீட்டனர். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1896, 1897ஆம் ஆண்டுகளில், முகாந்திரம் டி. ஏ. எல். பெரேரா அவ்வோவியங்களை நெய்வண்ணத்தால் படியெடுத்திருந்தார். அப்படிகள் கொழும்பு நூதனசாலையிற் பேணப்பட்டன. முன்னமே படியெடுத்து வைத்தல், கேடு நேர்ந்தபோது கைவையாது பொறுத்தல், அறிந்தவரை அழைத்தல் ஆகிய மூன்றும் சீகிரியாவுக்கு மட்டுமன்றிப் படுவான்கரையிலுள்ள ஒருமுழச் சீலைக்கும் பொருந்தும். மேலும், கல்லடியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் உள்ளது. சித்திரம் கற்கும் இளைஞர் அங்கே உளர். தொல்பொருட்டிணைக்களமும் கொழும்பு நூதனசாலையும் உள்ளன. கேட்போர் இருப்பின் சொல்வோர் கிடைப்பர்.

ஈற்றில், இவ்விழா மலரின் வாயிலாக நம் கல்லூரிக் குடும்பத்தார்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்க விழைகின்றேன்.

முதலாவது, கல்லூரியிலே 'கிழிப்பதிவேடு' ஒன்று தொடங்குதல் வேண்டும். உயர்வகுப்பு மாணவர் தத்தம் ஊரிலுள்ள துணிச்சித்திரங்களை உரியவர் அனுமதியோடு ஒளிப்படமெடுத்து, அளவும் வரலாறும் எழுதிச் சேர்ப்பாராக. உரியவர் விரும்பாராயின் பெயரும் இடமும் பதியவேண்டுவதில்லை; சீலையும் வீட்டைவிட்டு வரவேண்டுவதில்லை. இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. சித்திர ஆசிரியரும் தமிழாசிரியரும் வரலாற்றாசிரியரும் ஒன்றுகூடிச் செய்யத்தக்க பணி இது. பாடநூலில் எழினி என்று படிக்கும் மாணவன், தன் பெத்தாவின் பெட்டகத்திலே எழினியின் உறவுப்பொருளைக் கண்டால் அச்சொல்லை ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

இரண்டாவது, கல்லூரி நூலகத்தின் ஒரு மூலையிலே ஒரு நீண்ட மேசை, சில பலகைகள், அகன்ற உருளைகள், தோய்த்த பருத்தித்துணி, யப்பானியத் தாள் ஆகியன வைத்தல் வேண்டும். கிழிந்த சீலையோடு வருவோர்க்கு அதனை எவ்வாறு படுக்கவைப்பது என்று காட்டித்தரவாவது ஓரிடம் இருக்கட்டும். கடல்கடந்து வாழும் பழைய மாணவருக்கு இஃது ஒரு பெருஞ்சுமையாகாது. அவர்களுள் எவரேனும் மாணவரொருவரை இத்துறையிற் பயிற்றுவிக்க முன்வருவாராயின், அது கட்டடம் கட்டித் தருவதினும் சிறிய கொடையன்று. அங்கே பெட்டிக்குள் மடித்துக்கொண்டுபோன சீலை எவரிடமேனும் இருப்பின், இன்றே மடிப்பை அவிழ்த்துச் சுருட்டி வைப்பாராக.

மூன்றாவது, ஆலய பரிபாலன சபைகளிலே நம் பழைய மாணவர் பலர் அங்கம் வகிக்கின்றனர். புதுத்திரை சாத்தும் நாளிலே பழந்திரையைப் படியெடுத்து, சுருட்டி, ஆலயத்திலேயே ஒரு பெட்டகத்திற் காப்பதென அவர்கள் ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும். ஆகமத்துக்கோ மரபுக்கோ அதனால் யாதொரு குறையும் நேராது.

செல்லரித்த ஏட்டைக் கண்டு நம் முன்னோர் வருந்தியபோது, எரிக்காமல் விட்டவர்களால்தான் சங்கநூல்கள் நமக்குக் கிடைத்தன. கற்பனையால் நிரப்பாமல் விட்டவர்களால்தான் அவற்றை நாம் நம்பிப் படிக்கின்றோம். நம் காலத்துக்கு வாய்த்த ஏடுகள் இக்கிழிகள். இவற்றிலே நம் பெயரை எழுதவேண்டுவதில்லை. நம் கை பட்டதும் தெரியவேண்டுவதில்லை. நம் மக்களின் மக்கள் ஒருநாள் இவற்றை விரித்துப் பார்க்கும்போது, கிழிந்த இடம் கிழிந்ததாகவே தெரிந்தாலும், பெத்தா கும்பிட்ட முகம் அங்கே இருக்கட்டும்.